அட்டை எண் 318

ஒன்பது மணிக்குத்தான் யெல்காவாவில் விடிகிறது, ஜனவரியில்.
அந்நேரமே எங்கள் பலகையும் திரையில் வெளுக்கிறது.
நான்கு பத்திகள்:
செய்ய வேண்டியவை, நடப்பவை, சோதனையில், முடிந்தவை.

ஐந்து பேர், ஐந்து வட்டப் படங்கள்.
ஓயார்ஸ் சமையலறையிலிருந்து பேசுகிறான்,
பின்னால் முட்டை பொரிகிற சத்தம்.
லௌமாவின் பூனை கேமராவை முகர்ந்து பார்க்கிறது.
நேற்று என்ன, இன்று என்ன, எது தடுக்கிறது?
ஆளுக்கு ஒரு நிமிடம்.
சர்மீத்தே மணி பார்க்கிறாள்;
பார்ப்பது தெரியாமல் பார்க்கிறாள்.

எங்கள் பிழைப்பு பனி.
சரியாகச் சொன்னால், பனி தள்ளும் வண்டிகளின் கணக்கு:
எந்த வண்டி எந்தத் தெருவில் எத்தனை தடவை,
தடவைக்கு எத்தனை லிட்டர்,
மாதக் கடைசியில் நகராட்சி யாருக்கு எவ்வளவு.

318 மஞ்சள் அட்டை.
'பதினாலாம் வண்டி, பாலத்தடி பஸ் நிறுத்தத்தில்
இரண்டு முறை எண்ணப்படுகிறது.
இரண்டாவதை நீக்கவும்.'
பொறுப்பு: ஐவிஸ்.
மதிப்பீடு: அரை நாள்.

அரை நாள்!
பின்னால் வந்த அட்டைகள் அதை முந்திக்கொண்டு
வலப்பக்கம் போய்ச் சேர்ந்தன.
இரண்டு ஸ்பிரிண்ட் முடிந்தது, மூன்றாவதும் முடியப்போகிறது.
நடப்பவையில் மூன்றுக்கு மேல் கூடாதென்பது
நாங்களே போட்டுக்கொண்ட விதி.
இது இடத்தை விட்டு எழாததால்
நாலாவது ஒன்று வந்து விழும்போதெல்லாம்
பத்தியின் தலை சிவந்தது.
கேட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பான்.
கிணற்றில் போட்ட கல்.

நான் சோதனைக்காரி.
என்னிடம் வந்து சேராத அட்டை எனக்குக் கண்ணில் தூசி.
நாற்பத்தோராம் நாள் இரவு அதைச் சொடுக்கித் திறந்தேன்.
அட்டைக்கு முதுகு உண்டு என்பதையே
நாங்கள் மறந்திருந்தோம்.
முதுகில் அவன் குறிப்புகள்.

'டிச. 3. கோடில் பிழை இல்லை. ஜிபிஎஸ்ஸும் சரி.'

'டிச. 9. காலை நாலே முக்கால், மைனஸ் பதினொன்று.
நேரில் போய் நின்றேன்.
வண்டி பாலத்திலிருந்து இறங்கியது.
தள்ளிவந்த பனி நிறுத்தத்தின் முன்னால்
இடுப்பளவு சுவராக விழுந்தது.
வண்டி போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது.
அலகைச் சாய்த்து, ஓர் ஆள் நுழையும் அகலம்
சுவரைத் திறந்துவிட்டுப் போனது.'

'டிச. 10. அதேதான்.'

'டிச. 17. ஓட்டுநர் பெயர் சிகுர்ட்ஸ். கேட்டேன்.
"ஐந்தேகால் பஸ்ஸுக்கு ஆள் வரும்" என்றார்.
நீக்கினால் அந்த டீசல் அவர் தலையில்.'

அதற்குப் பிறகு வெறுமை.

மறுநாள் காலை அதைத் திரையில் வைத்தேன்.
ஓயார்ஸின் முட்டை கருகியது; அவன் அடுப்பை அணைக்கவில்லை.
"முடிந்தவையில் போட்டுவிடலாமா?" இது லௌமா.
முடியவில்லையே.
"செய்ய வேண்டாதவை என்று ஒரு பத்தி?"
பலகையை நகராட்சியும் பார்க்கிறது.
ஐவிஸ் தொண்டையைச் செருமினான்:
"அரை நாள் என்று எழுதியது நான்தான்."

ஒரு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.
சர்மீத்தே ஒன்றும் சொல்லாமல்
தலைப்பில் கர்சரை வைத்தாள்.
எழுத்துகள் வலமிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன.
'பதினாலாம் வண்டி அங்கே இரண்டு முறை போகிறது.
இரண்டையும் எண்ணவும்.'
ஐவிஸின் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைத்தாள்.
பிறகு அட்டையைப் பிடித்து இழுத்தாள், இடப்பக்கமாக,
முதல் பத்தியின் அடிக்கு.
இந்தப் பலகையில் எதுவும்
அந்தத் திசையில் போய் நான் பார்த்ததில்லை.
சிவப்பு அணைந்தது.

நகராட்சிக்கு அன்றே எழுதினாள்.
பதில் இன்னும் இல்லை.
மதிப்பீட்டுக் கட்டம் காலி.

இரவெல்லாம் பனி கொட்டியது.
ஐந்து மணிக்கு விழிப்புத் தட்டி வரைபடத்தைத் திறந்தேன்.
லியெலுபே ஆற்றைக் கடந்து ஒரு புள்ளி இறங்கியது,
கொஞ்ச தூரம் போனது, நின்றது,
வந்த வழியே ஊர்ந்தது.
போர்வைக்குள்ளிருந்தே சோதனையை எழுதினேன்.
வண்டி: 14.
இடம்: பாலத்தடி.
எதிர்பார்க்கும் விடை: 2.